சொல்லாமல் கிளம்ப வேண்டிய நாள்: எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கமிருந்தோ உடுமலையிலிருந்தோ கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடி தாண்டிப் பாலக்காட்டுச் சீமைக்கு மருமகளாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் 22 வருடங்களுக்கு முன் அப்படி வந்தவள்தான். கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டிலும் தமிழ், கடையிலும் தமிழ், கோயிலிலும் தமிழ். பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தவிர ஊர் மாறியதே தெரியாது. ஆபத்தில் ஓடிப்போய்க் காவல் நிலையத்தில் நிற்கும்போதுதான் மாநிலம் மாறியிருப்பது உறைக்கும். நாம் சொல்வது அவர்களுக்குப் பாதி புரியும், அவர்கள் எழுதுவது நமக்குப் புரியவே புரியாது.

அக்கம்பக்கப் பெண்கள் குழுவான எங்கள் அயல்கூட்டத்திலிருந்து 11 வருடங்களாக, வீட்டில் அடிபட்ட பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வருகிறேன். அந்த நடையில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வைக்கிறேன்.

முதலில், அடிக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள்

கணவர் கை ஓங்குவதற்கு வெகுநாள் முன்பே உங்கள் உலகம் சுருங்கத் தொடங்கியிருக்கும். பெரும்பாலும் அது அன்பின் பெயரால் தொடங்கும். "என்னை விட்டு ஒரு நாள்கூட அம்மா வீட்டில் தங்காதே, எனக்குத் தாங்காது" என்பார். பொள்ளாச்சி ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் மாதம் ஒருமுறை போனது தீபாவளிக்கு மட்டும் என்றாகும். பிறகு அம்மாவோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். ஆதாரும் பாஸ்புக்கும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று அவருடைய பீரோவுக்குள் போகும். நூறு நாள் வேலைக் கூலி உங்கள் கணக்கில்தான் விழும், ஏ.டி.எம். அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கும். கடைக்குப் போனால் எத்தனை நிமிடம் ஆனது என்று கணக்குக் கேட்பார். பக்கத்து வீட்டு அக்காவோடு பேசினால் சந்தேகம், பேசாவிட்டால் என்ன மறைக்கிறாய் என்ற கேள்வி.

இவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்தால் "எல்லா வீட்டிலும் உள்ளதுதானே" என்றே தோன்றும். அத்தையும் நாத்தனாரும் அதையே சொல்வார்கள். ஆகவே ஒன்றொன்றாகப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு முன்னால் உங்களால் கேட்காமல் செய்ய முடிந்தது எது, இன்று கேட்டுத்தான் செய்ய வேண்டியிருப்பது எது என்று எண்ணிப் பாருங்கள்.

அதன் பின் பொருள்கள் மீது கை வைப்பார். சோற்றுத்தட்டு சுவரில் மோதும், போன் உடையும், நீங்கள் ஆசையாக வளர்த்த நாயோ கன்றுக்குட்டியோ அடிபடும். உங்களை இன்னும் தொடவில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். அது உங்களுக்குக் காட்டப்படும் மிரட்டல்.

அடித்த பிறகு வரும் மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியைப் பழனிக்கு அழைத்துப்போய், மொட்டை போட்டு, இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தத் தலையில் முடி வளர்வதற்குள் மறுபடி அடித்தார். சத்தியத்தை வைத்து அளக்காதீர்கள். ஏ.டி.எம். அட்டை திரும்பி வந்ததா, அம்மா வீட்டுக்குத் தடையில்லாமல் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். "குடித்தால்தான் அடிக்கிறார், மற்றபடி தங்கமானவர்" என்பதையும் நிறையக் கேட்டிருக்கிறேன். குடி ஆபத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அதே போதையில் தோப்பு முதலாளியிடம் குரலை உயர்த்தாதவர் வீட்டுக்குள் மட்டும் கை ஓங்கினால், யாரை அடிக்கலாம் என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிகிறது.

காலண்டரில் குறியுங்கள்

ஜாக்குலின் கேம்பல் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் 1980களில், ஒரு பெண் தன் கணவரால் கொல்லப்படும் ஆபத்தில் இருக்கிறாளா என்று அறிய ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார். அதன் முதல் வேலையே காலண்டரைக் கையில் கொடுப்பதுதான். கடந்த ஒரு வருடத்தில் அடி வாங்கிய நாள்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமை என்று குறிக்கச் சொல்வார்கள். மனம் மறக்கப் பார்ப்பதைக் காலண்டர் மறக்காது.

நம் சமையலறையில் பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டர் தொங்குகிறது அல்லவா? அதிலேயே செய்யலாம். மிரட்டிய நாளுக்கு ஒரு புள்ளி, அடித்த நாளுக்கு இரண்டு, காயம் பட்ட நாளுக்கு மூன்று. பார்ப்பவர்களுக்கு அது பால் கணக்கு. மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். புள்ளிகளுக்கு இடையிலுள்ள நாள்கள் குறைந்துகொண்டே வந்தாலோ, ஒரு புள்ளி மூன்றாக மாறிக்கொண்டு வந்தாலோ, இனி அது தானாக நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். பின்னாளில் வக்கீல் தேதி கேட்கும்போதும் இதே தாள்கள் கைகொடுக்கும். தாளைக் கிழித்துப் போடாதீர்கள்.

இவை வந்தால் காத்திருக்காதீர்கள்

எல்லாவற்றுக்கும் மேலானது கழுத்து. அவர் ஒரே ஒரு முறை உங்கள் கழுத்தை நெரித்திருந்தாலும், தலையணையால் மூச்சை அடைத்திருந்தாலும், "கோபத்தில் பிடித்தார், விட்டுவிட்டார்" என்று கடந்துபோகாதீர்கள். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பிற்பாடு அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. வெளியே தழும்பே இல்லாமலும் உள்ளே காயம் இருக்கும். குரல் கம்முவது, விழுங்க முடியாமல் போவது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், அந்த நேரத்தில் அறியாமல் சிறுநீர் போனது ஆகியவை எல்லாம் அடையாளங்கள். கழுத்து இரத்தக்குழாயில் ஏற்பட்ட கிழிசல் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். அதனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவை: எப்படிக் கொல்வேன் என்று விவரமாகச் சொல்வது. அரிவாளையோ மண்ணெண்ணெயையோ பூச்சிமருந்தையோ கையில் எடுத்து மிரட்டுவது. கர்ப்பிணியாக இருக்கும்போது அடிப்பது. உங்கள் விருப்பத்துக்கு மாறாக வலுக்கட்டாயமாக உடலுறவு கொள்வது. போகும் இடமெல்லாம் பின்தொடர்வது. "நீ போனால் நான் செத்துவிடுவேன், பிள்ளைகளையும் விடமாட்டேன்" என்பது. இந்தக் கடைசி ஒன்றைக் கேட்டு இரக்கப்பட்டுத் தங்கியவர்கள் உண்டு. சாவைப் பற்றிப் பேசும் ஆண், உங்கள் சாவையும் சேர்த்தே பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டில் மறுபடி மறுபடி நடக்கும் "விபத்து". 2020 மார்ச்சில் ஓர் இளம் பெண்ணைக் கணவர் வீட்டில் விரியன் பாம்பு கடித்தது. பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தார். மே மாதம், கொல்லம் மாவட்டம் அஞ்சலில் தாய் வீட்டில் தேறிக்கொண்டிருந்தபோது நல்ல பாம்பு கடித்து இறந்தார். இரண்டுமே கணவர் திட்டமிட்டுச் செய்தவை என்று கண்ட கொல்லம் நீதிமன்றம், 2021 அக்டோபரில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. கேஸ் குழாய் தானாகக் கழன்றிருந்தது, காபியில் கசப்பு, கிணற்றடியில் யாரோ தள்ளியது போல் இருந்தது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், வெட்கப்படாமல் அன்றே வெளியாள் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சேச்சியாகவோ, அங்கன்வாடி டீச்சராகவோ, ஆஷா பணியாளராகவோ இருக்கலாம். அவரோடு ஒரு குறிச்சொல் பேசி வையுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் வைத்திருந்தது "உறைமோர்". இரவு பத்து மணிக்குப் போன் செய்து "அக்கா, கொஞ்சம் உறைமோர் இருக்குமா" என்று கேட்டால், உடனே அவசர உதவி எண்ணான 112க்குக் கூப்பிட வேண்டும் என்று பொருள். ஒருநாள் அவள் கேட்டாள். இந்த அக்கா கூப்பிட்டார். இருபது நிமிடத்தில் ஜீப் வந்தது.

காகிதங்களை அசலாக எடுக்க முடியாவிட்டால் நகல், நகலும் முடியாவிட்டால் புகைப்படம் எடுத்து அந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் மருந்துச் சீட்டு, நகை வாங்கிய ரசீது, கல்யாணத்தில் நகையோடு நிற்கும் புகைப்படங்கள். இரண்டு செட் துணி, ஐந்நூறோ ஆயிரமோ பணம், ஒரு சாவி நகல். இதையெல்லாம் உங்கள் வீட்டில் பையாகக் கட்டி வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் அந்தப் பையே ஆபத்தாகும்.

போனைப் பற்றி: அவர் வாங்கிக் கொடுத்த போன் என்றால், அவர் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தில் வேறு கருவி காட்டுகிறதா, இருப்பிடப் பகிர்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திடீரென்று எல்லாவற்றையும் அடைத்தால் அவருக்குச் சந்தேகம் வரும். பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைப்பதை மட்டும் அடுத்தவர் போனில் செய்யுங்கள்.

பிள்ளைகளிடம், அப்பா அடிக்கும்போது நடுவில் வரக்கூடாது, எந்த வீட்டுக்கு ஓட வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு என்பதைச் சொல்லி வையுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது புரியும்.

தோப்பு வீடுகளில் பூச்சிமருந்து டப்பாக்கள் திண்ணையிலேயே கிடக்கும். அவற்றை வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்க வழி பாருங்கள். அவருக்காக மட்டும் சொல்லவில்லை. தாங்க முடியாத ஒரு ராத்திரியில் உங்கள் கையே அதை நோக்கிப் போகக்கூடும். அப்படி ஓர் எண்ணம் வந்தால் 14416க்கு அழையுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

சண்டை மூண்டுவிட்டால்

சமையலறையை விட்டு வெளியே வாருங்கள். அரிவாள்மனை, கேஸ், கொதிக்கும் எண்ணெய் எல்லாம் அங்கேதான். குளியலறைக்குள் போய்த் தாழ் போடாதீர்கள், அதற்கு வேறு வாசல் கிடையாது. கிணற்றடிப் பக்கமும் வேண்டாம். தெருவாசலுக்கு அருகில், கதவு உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். வாதாடி ஜெயிக்கும் நேரம் அதுவல்ல. "சரி, நீங்கள் சொல்வதுதான் சரி" என்று சொல்லி உயிரோடு வெளியே வருவதில் எந்தத் தோல்வியும் இல்லை. தப்ப முடியாமல் அடி விழுந்தால், சுருண்டு தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

112 கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒன்றேதான். எல்லையில் உங்கள் போன் சில நேரம் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் மாநிலம், பிறகு மாவட்டம், பஞ்சாயத்து, பக்கத்திலுள்ள கோயிலோ பள்ளியோ என்று சொல்லுங்கள். "சித்தூர்" என்று மட்டும் சொன்னால் போதாது. பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திரத்திலும் ஒரு சித்தூர். கேரளத்தில் 1515 என்ற எண்ணில், பெண்கள் பாதுகாப்புக்கான பிங்க் போலீசையும் அழைக்கலாம்.

கிளம்பும் நாள்

நம் பழக்கம் "போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவது. எதிரியின் வீட்டிலிருந்துகூட நாம் சொல்லாமல் போவதில்லை. இந்த ஒரு நாள் மட்டும் சொல்லாதீர்கள். கோபத்தில் "நான் போகிறேன், என்ன செய்வாய் பார்க்கலாம்" என்று வாசலில் நின்று சொல்வதைப் போல் ஆபத்தானது வேறில்லை. பெண் விலகப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும் நேரமும், விலகிய பின் வரும் வாரங்களும்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பகலில், துணையோடு, பிள்ளைகளோடு கிளம்புங்கள். பிள்ளைகளைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனால், அவர்களைக் காட்டியே உங்களைத் திரும்ப வரவழைப்பார்கள்.

அவர் முதலில் தேடுவது அம்மா வீடு. மிரட்டல் கடுமையாக இருந்தால் சில நாள் வேறிடம் நல்லது. மாவட்டங்களில் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 181க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஐந்து நாள் வரை தங்கலாம், மருத்துவமும் வக்கீல் உதவியும் அங்கிருந்தே கிடைக்கும். கேரளத்தில், அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ நடத்தும் சினேகிதா உதவி மையத்தையும் கேளுங்கள்.

"கடைசியாக ஒருமுறை பேசிக்கொள்ளலாம், ஆழியாறு வரை வா" என்று அழைப்பார். போகாதீர்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் சேர்த்துவைக்க உட்கார்ந்தாலும், கழுத்தில் கை வைத்தவரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேச மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியும் காவல் நிலையமும்

டாக்டரிடம் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். யார், எதனால், எங்கே அடித்தார் என்று சொன்னால் அப்படியே பதிவாகும். அந்தப் பதிவின் தாளைத் தமிழ்நாட்டில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், கேரளத்தில் வூண்ட் சர்டிபிகேட் (காயச் சான்று) என்று கேளுங்கள். காயத்தை முகம் தெரியும்படி ஒன்றும், அருகில் ஒன்றுமாகப் படம் எடுங்கள். கன்றிய இடம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும், அப்போது மறுபடி எடுங்கள்.

சில மலையாளச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அங்கே "பராதி". வாக்குமூலத்துக்கு "மொழி". "மொழி எடுக்கணும்" என்றால் எந்த மொழி பேசுவீர்கள் என்று கேட்பதாக நினைத்து "தமிழ்" என்று பதில் சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். கழுத்தை நெரித்தார் என்பதற்கு "கழுத்து ஞெரிச்சு" என்று சொல்லுங்கள், அந்தச் சொல் எழுத்தில் ஏறியே ஆக வேண்டும். "ஸ்த்ரீதனம்" என்றால் அங்கே வரதட்சணை. நாம் சீதனம் என்று நம் நகையைச் சொல்லப்போய்க் குழப்பம் வரும். "என் நகை, என் வீட்டில் எனக்குப் போட்டது" என்று சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம்.

"அடித்தது அந்தப் பக்கம், இங்கே ஏன் வந்தாய்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு நான் இரண்டு மாநிலத்திலும் நின்றிருக்கிறேன். மழையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். நகல் இலவசம். மறுத்தால் எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். துன்புறுத்தலுக்குப் பயந்து தாய் வீட்டுக்கு வந்த பெண், அந்த ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005 இன்னும் எளிது. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். பொள்ளாச்சியில் வாங்கிய உத்தரவு பாலக்காட்டிலும் செல்லும், இந்தியா முழுவதும் செல்லும். அவர் நெருங்கக் கூடாது, வீட்டை விட்டு உங்களை வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும், பிள்ளைகள் தற்காலிகமாக உங்களோடு இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கொடுக்க முடியும். இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் மனுவை எழுதித் தருவார். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. ஆந்திரத்தில் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் இதே சட்டங்கள்தான், இதே 181தான்.

பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. மூணாறில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரே சுவர், அந்த வீட்டு அடி இந்த வீட்டில் கேட்கும். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. கதவைத் தட்டிச் சண்டைக்குள் நுழைய வேண்டாம். போன் செய்யுங்கள்.

போன பிறகு

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யார் அழைத்துப்போகலாம், யாரிடம் விடக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். முதல் சில மாதங்கள் ஒரே பஸ், ஒரே நேரம், ஒரே வழி என்று போகாதீர்கள். விட்டுவந்த துணிமணி, புத்தகம், சான்றிதழ் எடுக்கப் போக வேண்டுமென்றால் போலீஸ் துணையோடு ஒரே தடவை போய் முடித்துவிடுங்கள்.

நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்ததும் ஒரு நகலை உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள். உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் என்றாவது வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்காமல் 112க்கு அழைத்து, "என்னிடம் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது, அதை மீறி அவர் வந்து நிற்கிறார்" என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு முகவரியைச் சொல்லுங்கள்.